கேவிட்டி செவுத்துல ஜன்னல், கதவு எப்படி வைக்கிறாங்க? இங்கிலாந்துல எக்ஸ்டென்ஷன் கட்டப்போறவங்களுக்கு

நம்ம ஊர்ல நிலை வைக்கிறதுன்னா அது ஒரு விசேஷம். நல்ல நாள் பாத்து, மஞ்சள் குங்குமம் வச்சு, மாவிலை கட்டி, நிலைய முதல்ல நிறுத்தி கம்பு முட்டு குடுத்துட்டு அப்புறம்தான் கொத்தனார் ரெண்டு பக்கமும் செவுத்த எழுப்புவார், நிலையோட பக்கத்துல ஹோல்ட்பாஸ்ட்னு இரும்பு பட்டை நீட்டிட்டு இருக்கும், அது செங்கல் வரிக்குள்ள கலவையோட போய் உக்காந்துடும், அப்புறம் யாரு இழுத்தாலும் வராது. இங்க நாங்க வீட்டுக்குப் பின்னாடி கிச்சன எக்ஸ்டென்ஷன் பண்ணப்போ எங்க அப்பா ஊர்லேந்து வந்திருந்தார். செவுரு முழுசா எழும்பிடுச்சு, லிண்டல் போட்டாச்சு, கூரையும் ஏறியாச்சு, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துல வெறும் ஓட்டை, பிளைவுட் அடிச்சு மூடி வச்சிருக்காங்க. அப்பா ரெண்டு தடவை சுத்திப் பாத்துட்டு, "நிலையே வைக்காம செவுத்தக் கட்டிட்டானுங்களேப்பா, இனிமே எதுல பிடிச்சு நிக்கும்?"னு கேட்டார்.

சரியான கேள்வி. எதுல பிடிச்சு நிக்கும்ங்கறதுதான் இந்த விஷயத்துல பாதி. மீதிப் பாதி, தண்ணி எங்க போகும்ங்கறது. அன்னைக்கு எனக்கு ரெண்டுக்கும் பதில் தெரியாது, அடுத்த நாலு மாசத்துல கைக்காசு போட்டு கத்துக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல செவுரு. ஊர்ல ஒம்போது இஞ்ச் செவுருன்னா அது ஒரே செவுரு, முழு செங்கல். இங்க வெளிப்புறம் ஒரு செவுரு, உள்புறம் ஒரு செவுரு, நடுவுல காலி இடம். வெளிய செங்கல், 102.5 மில்லி தடிமன். உள்ள கான்கிரீட் பிளாக், 100 மில்லி. நடுவுல இருக்கறதுதான் கேவிட்டி. பழைய வீடுகள்ல 50 மில்லி வெறும் காத்துதான் இருக்கும், 1920கள்லேந்து இங்க வீடுகள்ல இந்த முறை பரவலா வந்துடுச்சு, இப்போ புதுசா கட்டினா 100லேந்து 150 மில்லி வரைக்கும் விட்டு அதுக்குள்ள இன்சுலேஷன் போடுறாங்க.

எதுக்கு இந்த வேலைன்னா, இந்த ஊர் மழை மேலேந்து கீழ வர்றதில்ல, பக்கவாட்டுல வருது. காத்தோட சேந்து மணிக்கணக்கா செவுத்துல அடிச்சுக்கிட்டே இருக்கும். செங்கல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் குடிச்சிடும், அதுவும் செங்கலுக்கும் கலவைக்கும் நடுவுல இருக்கற மயிரிழை சந்து வழியா தண்ணி தாராளமா உள்ள வரும். அதனால இங்க கட்டுறவங்க "வெளிச்செவுரு நனையட்டும், உள்செவுரு நனையாம இருந்தா போதும்"னு முடிவு பண்ணிட்டாங்க. வெளிச்செவுத்துக்குள்ள பூந்த தண்ணி அதோட உள்பக்கமாவே வழிஞ்சு கீழ இறங்கி வெளிய போயிடணும். இதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் மத்ததெல்லாம் புரியும். நிறைய பேரு, நானும்தான், வெளிச்செவுத்துல தண்ணி வந்தாலே கட்டினவன் மேல தப்புன்னு நினைக்கிறோம், அப்படி இல்ல.

ரெண்டு செவுரையும் தனித்தனியா நிக்க விட்டா சாஞ்சிடும், அதனால வால் டைன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு கட்டுறாங்க. படுக்கை வசத்துல 900 மில்லிக்கு ஒண்ணு, உயரத்துல 450 மில்லிக்கு ஒண்ணு. ஜன்னல், கதவு ஓட்டை ஓரமா மட்டும் உயரத்துல 300 மில்லிக்கு ஒண்ணு, ஏன்னா ஓட்டை போட்ட எடத்துல செவுரு பலவீனம். அந்தக் கம்பிய கையில வாங்கிப் பாருங்க, நடுவுல ஒரு சின்ன முறுக்கோ வளைவோ இருக்கும். கம்பி வழியா தண்ணி உள்செவுத்துக்கு நடந்து போகாம அந்த எடத்துலயே சொட்டி விழட்டும்னு அப்படி. ஆனா கொத்தனார் கட்டும்போது கலவை சிந்தி அந்தக் கம்பி மேல கட்டியா உக்காந்துட்டா கதை முடிஞ்சது, அது பாலம் போட்ட மாதிரி. சாயங்காலம் வேலை முடிஞ்சு அவங்க போனதும் டார்ச் அடிச்சு கேவிட்டிக்குள்ள எட்டிப் பாக்கறது கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல.

இப்போ ஓட்டைக்கு வருவோம். ரெண்டு செவுரும் எங்கயும் ஒண்ண ஒண்ணு தொடக்கூடாதுன்னு இவ்வளவு கஷ்டப்பட்டு கட்டிட்டு, ஜன்னல்னு வந்ததும் அங்க மட்டும் ரெண்டையும் சேத்து மூடியாகணும். வீட்டுல தண்ணி உள்ள வர்றதுக்கும் குளிர் உள்ள வர்றதுக்கும் இதைவிட வசதியான எடம் கிடையாது. ஓட்டைக்கு நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு வைத்தியம்.

பக்கவாட்டுலேந்து ஆரம்பிக்கிறேன். பழைய முறையில உள்செவுத்து பிளாக்க அப்படியே திருப்பி வெளிச்செங்கல் வரைக்கும் கொண்டு போய் மூடிடுவாங்க, நடுவுல டிபிசின்னு கறுப்பா ஒரு பிளாஸ்டிக் பட்டைய நெட்டுக்குத்தா சொருகிடுவாங்க, ஈரம் தாண்டாது. ஈரம் தாண்டாது, ஆனா குளிர் ஜாலியா தாண்டும். நாங்க முதல்ல வாடகைக்கு இருந்த வீட்டுல ஒவ்வொரு குளிர்காலமும் ஜன்னல சுத்தி மட்டும் கறுப்பா பூஞ்சை புடிக்கும், நான் பிளீச் போட்டு தேய்ப்பேன், வீட்டுக்கு சொந்தக்காரர் "நீங்க சமைக்கறது ஜாஸ்தி, ஜன்னல தொறந்து வைங்க"ம்பார். சமையலும் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா செவுத்துல மத்த எடத்துல வராம ஜன்னல் ஓரத்துல மட்டும் வருதுன்னா அந்த எடம் ஜில்லுனு இருக்குன்னு அர்த்தம், வீட்டுக்குள்ள இருக்கற ஆவி அங்க போய் தண்ணியா மாறுது.

இப்போ அதுக்கு பதிலா கேவிட்டி க்ளோசர்னு ஒண்ணு வருது. தெர்மக்கோல் மாதிரி இன்சுலேஷன் கட்டைக்கு பிளாஸ்டிக் சட்டை போட்ட மாதிரி இருக்கும், நீளமா குச்சி குச்சியா வரும், கேவிட்டியோட அகலத்துக்கு ஏத்த சைஸ் வாங்கி ஓட்டையோட ரெண்டு பக்கத்துலயும் கீழயும் சொருகிடுவாங்க. அதுவே டிபிசி வேலையும் பாக்கும், குளிரையும் தடுக்கும். ஜன்னல் ஃப்ரேம் அந்த க்ளோசர் மேல குறைஞ்சது 30 மில்லியாவது ஏறி உக்காரணும். இந்த 30 மில்லிய மறந்துடாதீங்க. நிறைய பேரு ஜன்னல் வெளிச்செங்கலோட முகத்துக்கு வந்து நின்னாத்தான் உள்ள ஜன்னல் பலகை அகலமா கிடைக்கும், பூந்தொட்டி வைக்கலாம்னு வெளிய தள்ளி வைக்கச் சொல்றாங்க. அப்படி வச்சா ஃப்ரேம் முழுக்க குளிர்ந்த செங்கல் மேல நிக்கும், இன்சுலேஷன் இருக்கற கோட்டுக்கும் ஃப்ரேமுக்கும் சம்பந்தமே இருக்காது, மறுபடி பிளீச் டப்பாதான். மழை ரொம்ப மோசமா அடிக்கற பகுதிகள்ல, ஸ்காட்லாந்துல இது சாதாரணம், வெளிச்செங்கல் ஃப்ரேமுக்கு முன்னாடி கொஞ்சம் மறைச்சு நிக்கற மாதிரியே ஓட்டைய கட்டுறாங்க, மழை நேரா அந்த சந்துல அடிக்காது.

மேல்பக்கம் லிண்டல். நம்ம ஊர்ல கம்பி கட்டி கான்கிரீட் போடுவோம், அதோட சன்ஷேடும் சேத்து வெளிய நீட்டிடுவோம். இங்க ஸ்டீல் லிண்டல், தகட்ட மடிச்சு தொப்பி மாதிரி பண்ணியிருப்பாங்க, தொப்பியோட ஒரு விளிம்பு வெளிச்செங்கலத் தாங்கும், இன்னொரு விளிம்பு உள் பிளாக்கத் தாங்கும், நடு மேடு கேவிட்டிக்குள்ள இருக்கும், அதுக்குள்ள இன்சுலேஷன். கேட்னிக்னு ஒரு கம்பெனி பேரையே இங்க பில்டர்கள் பொதுப்பேரா சொல்றாங்க, நாம ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி. ரெண்டு முனையும் செவுத்து மேல 150 மில்லி 150 மில்லி உக்காரணும், அப்போ 1810 மில்லி ஓட்டைக்கு குறைஞ்சது 2110 மில்லி லிண்டல்.

லிண்டல் மேலதான் முக்கியமான சமாச்சாரம். மேல கேவிட்டியில வழிஞ்சு வர்ற தண்ணி நேரா வந்து விழற எடம் இது. கீழ செவுரு இல்ல, ஜன்னல்தான் இருக்கு. அதனால கேவிட்டி ட்ரேன்னு டிபிசி பட்டைய சரிவா போடுறாங்க, உள்செவுத்துப் பக்கம் உயரமா, வெளிச்செவுத்துப் பக்கம் தாழ்வா. சில லிண்டலோட சரிவே ட்ரே வேலைய செஞ்சுடும்னு சொல்றாங்க, விதிப்படி கட்டறாங்களான்னு வந்து பாக்கற பில்டிங் கண்ட்ரோல் இன்ஸ்பெக்டர் ஒத்துக்குறாரான்னு முன்னாடியே கேட்டுக்கறது நல்லது. தண்ணி ட்ரே மேல விழுந்து வெளிப்பக்கமா ஓடி வரும், வந்து எங்க போகும்? செங்கலுக்கு நடுவுல நெட்டுக்குத்தா இருக்கற கலவைக்கு பதிலா வீப் ஹோல்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் துவாரம் விடுவாங்க, ஒரு ஜன்னலுக்கு குறைஞ்சது ரெண்டு. ட்ரேயோட ரெண்டு முனையிலயும் ஸ்டாப் எண்டுன்னு மடிச்சு ஒரு தடுப்பு இருக்கணும், இல்லன்னா தண்ணி பக்கவாட்டுல வழிஞ்சு மறுபடி கேவிட்டிக்குள்ளயே விழும், க்ளோசர் மேலயும் இன்சுலேஷன் மேலயும். ஸ்டாப் எண்டோட விலை அற்பம், ஆனா செங்கல் வச்சு மூடிட்டா யாருக்கும் தெரியாதுங்கறதால விட்டுடறதும் அதுதான். அந்த வரி கட்டற அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டாவது நின்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

கீழ்ப்பக்கம் சில். ஜன்னல்ல அடிக்கற தண்ணி முழுக்க கண்ணாடி வழியா கீழதான் வரும், அதை செவுத்த விட்டு தள்ளிப் போடறதுதான் சில்லோட வேலை. வெளிப்பக்கமா சரிவா இருக்கணும், செவுத்தத் தாண்டி நீட்டிட்டு இருக்கணும், நீட்டின மூக்குக்கு அடியில ஒரு பள்ளக்கோடு இருக்கணும். அந்தக் கோடு அழகுக்கு இல்ல. தண்ணி ஒரு விளிம்பத் தாண்டினதும் கீழ விழாம அடிப்பக்கத்த புடிச்சுக்கிட்டே பின்னாடி ஊர்ந்து வரும், டீ ஆத்தும்போது டம்ளர் ஓரமா வழிஞ்சு அடியில போய் மேஜை நனையுதே, அதே சங்கதி. பள்ளம் வந்ததும் அதால தாண்ட முடியாது, சொட்டிடும். நம்ம ஊர் சன்ஷேடுக்கு அடியிலயும் நல்ல கொத்தனார்னா ஓரத்துல ஒரு கோடு இழுத்துவிட்டிருப்பார், பாத்திருப்பீங்க. சில்லுக்கு அடியிலயும் டிபிசி உண்டு, பின்னாடியும் ரெண்டு முனையிலயும் மேல மடிச்சு விட்டிருக்கணும். கல் சில்லோ செங்கல் சில்லோ வச்சா இது ரொம்ப முக்கியம், யுபிவிசி சில்லுன்னா அது ஜன்னலோடயே சேந்து வரும், ரெண்டு முனைக்கும் ஒரு மூடி, அந்த மூடிய ஒட்டாம வெறும்ன சொருகிட்டுப் போற ஆள்களும் உண்டு.

சரி, அளவு. எனக்கு நஷ்டம் வந்தது இங்கதான்.

இங்க செங்கல் 215 நீளம், 65 உயரம். கலவை 10 மில்லி. அப்போ ஒரு செங்கலும் ஒரு கலவையும் சேந்தா 225, ஒரு வரி உயரம் 75. ஓட்டைன்னா ரெண்டு பக்கமும் கலவை சேந்து ஒரு 10 அதிகம் வரும், நாலு செங்கல் அகல ஓட்டை 910, ஆறுன்னா 1360, எட்டுன்னா 1810. உயரம் 14 வரின்னா 1050, 28 வரின்னா 2100. படத்துல இந்தக் கணக்குக்கு ஒத்துவராத அளவப் போட்டீங்கன்னா கொத்தனார் செங்கல வெட்டி வெட்டி ஒட்டணும், பாக்க கண்ராவியா இருக்கும். சில பேரு மரத்துல டம்மி ஃப்ரேம் பண்ணி வச்சு அதைச் சுத்தி கட்டுறாங்க, கட்டி முடிஞ்சதும் டம்மிய உருவிடறது. அப்பாகிட்ட இதச் சொன்னப்போதான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி, "அப்போ நிலை வைக்கிறானுங்க, ஆனா பொய் நிலை"ன்னார்.

ஓட்டை ரெடியானதும் அகலத்த மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அளக்கணும், உயரத்த இடது, நடு, வலதுன்னு மூணு எடத்துல. எது சின்னதோ அதுதான் கணக்கு. அதுலேந்து 10 மில்லி கழிச்சு ஆர்டர் பண்ணணும், அதாவது ஒவ்வொரு பக்கமும் 5 மில்லி சந்து. மூலைக்கு மூலையும் அளந்து பாருங்க, ரெண்டும் சமமா இல்லன்னா ஓட்டை கோணல். ரசமட்டம் வச்சா தெரியாத கோணல் கூட டேப்புல தெரிஞ்சிடும்.

எங்க கதை என்னன்னா, யூட்டிலிட்டி ரூம் ஜன்னல் ஓட்டை உயரம் 1050. பில்டர் 10 கழிச்சு 1040னு எழுதிக் குடுத்தார், நான் அப்படியே ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். ஆர்டர் பண்ற எடத்துல "சில் வேணுமா"ன்னு ஒரு டிக் இருந்துச்சு, வேணும்னு அடிச்சேன். அந்த 1040 ஃப்ரேமோட உயரம் மட்டும், சில் அதுக்கு அடியில தனியா 30 மில்லி. மொத்தம் 1070, ஓட்டை 1050. வந்து இறங்கின அன்னைக்கு ஃபிட்டர் தூக்கி வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம சிகரெட் பத்த வைக்கப் போயிட்டார், அப்பவே எனக்கு வயித்த கலக்கிடுச்சு. சில்ல கழட்டிட்டு வச்சுடலாமான்னு பில்டர் கேட்டார், அப்படி வச்சா தண்ணி நேரா செங்கல் மேல விழுந்து ஃப்ரேமுக்கு அடியில போகும், வேணாம்னுட்டேன். 1010னு புதுசா ஆர்டர் போட்டு மூணு வாரம் பிளைவுட்டோட உக்காந்திருந்தோம். அந்த 1040 இன்னும் ஷெட்ல நிக்குது, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.

இப்போ அப்பா கேட்ட கேள்வி, எதுல பிடிச்சு நிக்கும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஃப்ரேமுக்குள்ளயே துளை போட்டு நீள ஸ்க்ரூவ செவுத்துக்குள்ள விடறது. இன்னொண்ணு, ஃப்ரேமோட பக்கத்துல தகட்டுப் பட்டைய மாட்டி அந்தப் பட்டைய உள்செவுத்து பிளாக்ல ஸ்க்ரூ பண்றது, மேல பிளாஸ்டர் பூசினா மறைஞ்சிடும். நம்ம ஹோல்ட்பாஸ்ட்டோட தம்பின்னு வச்சுக்கலாம். எது வேணும்ங்கறது ஃப்ரேம் எங்க நிக்குதுங்கறதப் பொறுத்தது. ஃப்ரேம் க்ளோசருக்கு நேரா நின்னா அதுல ஸ்க்ரூ போட்டு என்ன பிரயோஜனம், அது தெர்மக்கோல்தானே. எங்க வீட்டுல ஒரு ஜன்னலுக்கு அப்படித்தான் பண்ணியிருந்தாங்க, ட்ரில் சத்தம் வித்தியாசமா வந்துச்சு, செவுத்துல போனா கர்ர்ருனு கத்தும், அன்னைக்கு வெண்ணெயில போற மாதிரி சத்தமே இல்லாம போச்சு. ஃபோம் அடிச்சிட்டா நிக்கும்னார் அந்தப் பையன். ஃபோம் சந்த அடைக்கத்தான், ஜன்னலத் தாங்க இல்ல. கழட்டி பட்டை போட்டு மறுபடி மாட்டினாங்க.

ஸ்க்ரூ போடற எடத்துக்கும் கணக்கு உண்டு, மூலையிலேந்து 150க்கும் 250க்கும் நடுவுல முதல் ஸ்க்ரூ, அதுக்கப்புறம் 600 மில்லிக்கு மேல இடைவெளி போகக்கூடாது. மூலையிலயே போட்டா வெல்டிங் விட்டுடும். ஒவ்வொரு ஸ்க்ரூ எடத்துலயும் ஃப்ரேமுக்கும் செவுத்துக்கும் நடுவுல பேக்கர் வைக்கணும், கலர் கலரா பிளாஸ்டிக் வில்லை, ஒவ்வொரு கலரும் ஒரு தடிமன். பேக்கர் இல்லாம முறுக்கினா ஃப்ரேம் செவுத்துப் பக்கம் வளைஞ்சிடும், அப்புறம் ஜன்னல் கதவு சரியா மூடாது. ஃபோமும் அப்படித்தான், அளவில்லாம அடிச்சா ஊதி ஃப்ரேம உள்பக்கமா தள்ளிடும், கொஞ்சமா ஊதற வகை கேட்டு வாங்கணும். எல்லாம் முடிஞ்சு வெளிய சிலிக்கான் இழுக்கறது, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல, கை சுத்தமா இருக்கற ஆளா இருந்தா போதும்.

கதவு, முக்கியமா தோட்டத்துப் பக்கம் வைக்கிற பைஃபோல்டும் (மடிச்சு ஓரமா ஒதுக்கற கண்ணாடிக் கதவு) ஸ்லைடிங்கும், தனி தலைவலி. எல்லாருக்கும் உள்ளயும் வெளியயும் ஒரே மட்டத்துல டைல்ஸ் வேணும், பத்திரிகைல போட்டோ பாத்துட்டு வந்து கேக்கறோம். ஆனா இங்க செவுத்தோட அடியில படுக்கையா ஓடற டிபிசி வெளிய தரைய விட 150 மில்லி உயரத்துல இருக்கணும்னு விதி, ஏன்னா மழைத்தண்ணி தரையில பட்டு தெறிக்கும். ஒரே மட்டம் வேணும்னா வாசப்படிக்கு முன்னாடி நீளமா ஒரு வடிகால் போட்டு, வெளித்தரைய கதவ விட்டு விலகிப் போற மாதிரி சரிவு குடுத்து, கதவுக்கு அடியில ஈரம் ஏறாம டிபிசி மடிச்சு விடணும். பண்ணலாம், ஆனா அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். உள்தரையோட கடைசி மட்டத்தையும் அப்பவே கணக்குப் போட்டுக்கோங்க, இன்சுலேஷன், ஸ்க்ரீட்னு மேல போடற சிமெண்ட் தளம், டைல்ஸ் ஒட்டற பசை, டைல்ஸ் எல்லாம் சேத்து. டைல்ஸ் இன்னும் வாங்கலன்னு அதை விட்டுட்டு கதவ வச்சுட்டா அப்புறம் கதவு டைல்ஸ்ல இடிக்கும்.

பைஃபோல்டுக்கு மேல இருக்கற ஸ்டீல் பீம் கூரை ஏறினதும் லேசா தொய்யும், அது இயல்பு. கூரையில ஓடு ஏத்தறதுக்கு முன்னாடி அளந்து, சந்து விடாம கதவு மாட்டினீங்கன்னா கொஞ்ச நாள்ல கதவு இறுகிப் போய் திறக்காது. கூரை பாரம் முழுசா ஏறினதுக்கு அப்புறம் அளக்கறதுதான் உசிதம், கொஞ்சம் லேட் ஆனா ஆகட்டும்.

சட்டம் பக்கம் ரொம்ப போகல, இங்கிலாந்துக்கு மட்டும் சொல்றேன், வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனி விதி. ஜூன் 2022லேந்து புது ஜன்னலோட யூ வேல்யூ 1.4க்கு மேல போகக்கூடாது, அதாவது சூடு வெளிய கசியற அளவு, கம்மியா இருந்தா நல்லது. எக்ஸ்டென்ஷன்ல கண்ணாடி எவ்வளவு வைக்கலாம்ங்கறதுக்கும் வரம்பு இருக்கு: எக்ஸ்டென்ஷன் தரைப்பரப்புல 25 சதவீதம், அதோட எக்ஸ்டென்ஷனால மறைஞ்சு போற பழைய ஜன்னல் கதவோட பரப்பு. 20 சதுர மீட்டர் எக்ஸ்டென்ஷன், பழைய பேட்டியோ கதவு 4 சதுர மீட்டர்னு வைங்க, 5 கூட்டல் 4, மொத்தம் 9. நாலு மீட்டர் அகலத்துக்கு பைஃபோல்டு வச்சா அதுவே 8.4 ஆயிடும், அப்புறம் கூரையில கண்ணாடி வேணும்னா வரம்பு தாண்டிடும். தாண்டினா முடியாதுன்னு இல்ல, வேற எடத்துல இன்சுலேஷன் கூட்டி கணக்கு காட்டணும், அதுக்கு ஒரு ஆளுக்கு காசு குடுக்கணும்.

தரையிலேந்து 800 மில்லிக்குக் கீழ வர்ற கண்ணாடியும், கதவுலயும் கதவ ஒட்டி 300 மில்லிக்குள்ள 1500 மில்லி உயரம் வரைக்கும் வர்ற கண்ணாடியும் சேஃப்டி கிளாஸா இருக்கணும், கண்ணாடி மூலையில சின்னதா முத்திரை இருக்கும், இன்ஸ்பெக்டர் குனிஞ்சு அதத்தான் தேடுவார். மாடியில பெட்ரூம்னா தீ பிடிச்சா தப்பிக்கற மாதிரி ஒரு ஜன்னல், தொறந்தா 0.33 சதுர மீட்டர் வழி, எந்தப் பக்கமும் 450க்கு கம்மியா இருக்கக்கூடாது, தரையிலேந்து 1100க்கு மேல தொடங்கக்கூடாது. ஃப்ரேமுக்கு மேல டிரிக்கிள் வென்ட்னு காத்து போற சின்ன சந்து இருக்கும், குளிருதேன்னு அதை டேப் ஒட்டி மூடறவங்களுக்கு நான் மேல சொன்ன பிளீச் டப்பா கதை ஞாபகம் வரட்டும்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நிறைய பேரு ஏமாந்து போறது. ஜன்னல் விக்கறவங்க "நாங்க ஃபென்சா, சர்டிபிகேட் குடுத்துடுவோம்"பாங்க. ஃபென்சாங்கறது ஜன்னல் மாட்டறவங்க தங்க வேலை விதிப்படி இருக்குன்னு தாங்களே சான்று குடுக்கற ஒரு திட்டம், இருக்கற வீட்டுல பழச எடுத்துட்டு புதுசு மாத்தறதுக்கு. புது எக்ஸ்டென்ஷன் ஓட்டையில வைக்கிற ஜன்னலுக்கு அது செல்லாது, அது பில்டிங் கண்ட்ரோல் பாத்து கடைசியில குடுக்கற கம்ப்ளீஷன் சர்டிபிகேட்லதான் அடங்கும். வீட்ட விக்கும்போது வக்கீல் கேக்கறதும் அந்தப் பேப்பரத்தான்.

எங்க வேலை எல்லாம் முடிஞ்சு பில்டர் கடைசி தவணை கேட்டப்போ அப்பா, "இரு, தண்ணி அடிச்சுப் பாத்துடலாம்"னார். தோட்டத்து ஹோஸ எடுத்து முதல்ல சில்லுக்குக் கீழ, அப்புறம் சில்லுல, அப்புறம் பக்கவாட்டுல, கடைசியா லிண்டலுக்கு மேலன்னு கீழேந்து மேல போனார், மேலேந்து ஆரம்பிச்சா எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாதாம். நான் உள்ள நின்னு ஜன்னல் ஓரத்த கையால தடவிக்கிட்டே இருந்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. லிண்டலுக்கு மேல அரை மணி நேரம் அடிச்சதும் வலது பக்க வீப் ஹோல்லேந்து சொட்டு சொட்டா வர ஆரம்பிச்சுது, அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், செவுருக்குள்ளேந்து தண்ணி வர்றதப் பாத்து சந்தோஷப்பட்ட மனுஷன அன்னைக்குத்தான் பாத்தேன். இடது பக்கம் ஒண்ணும் வரல. பில்டர் ஏணி போட்டு ஏறி ஒரு கம்பிய விட்டு நோண்டினார், காஞ்ச கலவை ஒரு துண்டு வந்து விழுந்துச்சு, அதுக்குப் பின்னாடியே தண்ணியும் வந்துச்சு. அப்புறம்தான் செக்குல கையெழுத்து போட்டேன்.